துருப்பிடித்த தோட்டா செத்த தோட்டா அல்ல!
வாலிநோக்கம் கடற்கரையில் உப்பளம் இருக்கிறது. கப்பல் உடைக்கும் தொழிலும் ஒரு காலத்தில் நடந்தது. பழைய இரும்பு என்ன விலை, பித்தளை என்ன விலை என்று இந்தப் பக்கத்தில் சின்னப் பையனுக்கும் தெரியும்.

மண்ணைத் தோண்டும்போது பித்தளைத் தோட்டா ஒன்று கிடைத்தால்? "துருப்பிடிச்சுப் போச்சு, இனிமே எங்கே வெடிக்கப் போகுது!" என்று பையில் போட்டுக்கொள்ளத் தோன்றும்.

அங்கேதான் ஆபத்து!

தங்கச்சிமடத்தில்...

இது வெறும் கற்பனை அல்ல. இதே மாவட்டத்தில் ராமேசுவரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில், 2018 ஜூன் மாதம், ஒரு வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டினார்கள். தண்ணீருக்குப் பதில் துருப்பிடித்த பெட்டிகள் வந்தன. உள்ளே கட்டுக்கட்டாகத் தோட்டாக்கள்!

1980-களில் இலங்கைத் தமிழ்ப் போராளிக் குழுக்கள் இந்தக் கரையில் நடமாடிய காலத்தில் புதைத்தவை என்று கருதப்பட்டது. அதாவது, சுமார் 30 வருஷம் மண்ணுக்குள் கிடந்தவை.

உயிர் எங்கே இருக்கிறது?

தோட்டாவின் அடியில், நடுவே, பொட்டு மாதிரி ஒரு சின்ன மூடி தெரியும். அதுதான் கேப்பு. 'பிரைமர்' என்றும் சொல்வார்கள். தோட்டாவின் உயிர் அதில்தான் இருக்கிறது.

அதற்குள் இருப்பது துளி மருந்து. அதை வெடிக்க வைக்கத் தீக்குச்சி வேண்டாம். ஓர் அடி போதும். அந்தப் பொறியில்தான் உள்ளே இருக்கும் வெடிமருந்து பற்றிக்கொள்ளும்.

நாட்டுத் துப்பாக்கியிலும் இதே கதைதான். கருமருந்தையும் ரவையையும் குழல் வாய் வழியே போட்டுக் கெட்டிப்பார்கள். பின்பக்கம் கேப்பை மாட்டுவார்கள். குதிரை விழுந்து தட்டியதும் 'டமார்'!

இதற்கு வழிகாட்டியவர் ஒரு பாதிரியார் என்றால் நம்ப முடிகிறதா? ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் பார்சைத். அந்தக் காலச் சிக்கிமுக்கித் துப்பாக்கியில் பொறி பறந்ததுமே பறவைகள் உஷாராகித் தப்பிவிடும். அலுத்துப்போன பாதிரியார், தட்டினால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு புது முறை கண்டுபிடித்து, 1807-ல் காப்புரிமை வாங்கினார். செம்புக் கேப்பு அதற்குப் பிறகு வந்தது.

காத்திருக்கும் கூட்டம்

வெளிநாடுகளில் கருமருந்துத் துப்பாக்கி சுடுவது இன்றும் ஒரு பொழுதுபோக்கு. அவர்கள் கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் சுடுவதில்லை; கேப்புச் சில்லு தெறிக்கும் என்று தெரியும். கேப்பு வெடிக்காமல் போனால் உடனே கழற்றவும் மாட்டார்கள். குழலை இலக்கை நோக்கியே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருப்பார்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு.

புதுச் சரக்குக்கே இவ்வளவு பயம்! மண்ணில் கிடந்த சரக்குக்கு?

ராணுவத் தோட்டாக்களில் ஈரம் புகாமல் இருக்கக் கேப்பைச் சுற்றிப் பூச்சு பூசுவது வழக்கம். அதனால் சில கெட்டுப் போயிருக்கும். சில அப்படியே இருக்கும். எது எப்படி என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. ஈயம் தனி, பித்தளை தனி என்று பிரிக்கச் சுத்தியலால் தட்டினாலோ, நெருப்பில் போட்டாலோ, கூடு கிழிந்து சில்லு பறக்கும். போவது கண்ணும் விரலும்!

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ம் வருஷ ஆயுதச் சட்டப்படி முழுத் தோட்டா மட்டுமல்ல, அதன் பாகங்களும் தோட்டாக் கணக்குதான். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால், 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 வருஷம் ஜெயில்.

"அப்படியானால் கண்டெடுத்தவன் கதி?" என்று கேட்கலாம். தெரிந்து வைத்திருப்பதுதான் குற்றம் என்று சுப்ரீம் கோர்ட்டு 1972-லேயே சொல்லியிருக்கிறது. குழியில் கண்டதும் போலீசுக்குச் சொன்னவர் ஒரு ரகம். வீட்டில் பதுக்கியவரும், தெரிந்தே எடை போட்டு வாங்கிய பழைய இரும்புக் கடைக்காரரும் வேறு ரகம்.

ஆகவே, கண்டால் தொடாதீர்கள், தட்டாதீர்கள், விற்காதீர்கள். பிள்ளைகளை விலக்கிவிட்டுப் பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

பித்தளைக்குக் கிடைக்கும் நாலு காசை விட விரல் பெரிது!