பிரம்ம கமலமா, கள்ளியா?

மாம்பலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்:

"என் மாமியார் முப்பது வருஷமாகக் கண்ணும் கருத்துமாக வளர்த்த செடி. அதைப் 'பிரம்ம கமலம்' என்றுதான் சொல்வார். போன வருஷம் அவர் காலமாகிவிட்டார். பழைய வீட்டை விட்டு ஃபிளாட்டுக்கு வந்தபோது தொட்டியோடு அதையும் கொண்டுவந்தோம். பக்கத்து ஃபிளாட் மாமி பார்த்துவிட்டு, 'இது வெறும் கள்ளி, இதற்கு எதற்குத் தண்ணீர்?' என்றார். அவர் பேச்சைக் கேட்டு மொட்டை மாடி வெயிலில் வைத்தேன், தண்ணீரையும் நிறுத்தினேன். இப்போது இலையெல்லாம் சிவந்து, சுருங்கித் தொங்குகிறது. அடித்தண்டு பழுப்பேறிப் பட்டை கட்டியிருக்கிறது. 'தூக்கிப் போட்டுவிட்டு ஒரு ரோஜா வாங்கி வை' என்கிறார் என் கணவர். எனக்கு மனசு கேட்கவில்லை. இது என்ன செடி? பிழைக்குமா?"

பிழைக்க வழி இருக்கிறது, சகோதரி. முதல் காரியமாகத் தொட்டியை வெயிலிலிருந்து இறக்கி நிழலில் வைத்துவிட்டு, மேலே படியுங்கள்.

மாமியார் சொன்னதும் தப்பில்லை; மாமி சொன்னதும் தப்பில்லை. நம் வீடுகளில் பிரம்ம கமலம் என்று பெயர் வாங்கிவிட்ட இந்தச் செடி ஜாதியில் கள்ளிதான். ஆனால் பாலைவனக் கள்ளி அல்ல. வினை வந்தது அங்கேதான்.

உங்கள் வீட்டில் இருப்பது இதுதானா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நீளமாக, தட்டையாக, நடுவில் நரம்போடு பச்சை நாடா மாதிரி இருக்கிறதே, அதை நாம் இலை என்கிறோம். அது இலை அல்ல, தட்டையாகிவிட்ட தண்டு. 1812ல் இந்த இனத்துக்கு 'எபிபில்லம்' என்று பெயர் வைத்த ஹாவொர்த் என்ற ஆங்கிலேயரும் 'இலையின் மேல்' என்ற பொருளில்தான் வைத்தார்! விளிம்பில் அலை அலையாக வெட்டுகள் இருக்கும். அந்த வெட்டின் பள்ளத்திலிருந்துதான் புதுத் தளிரும் வரும், மொட்டும் வரும். உண்மையான இலையின் விளிம்பில் மொட்டு விடுமா? வளர்ந்த செடியில் முள் கிடையாது. கிள்ளினால் பாலும் வடியாது. வேலியோரத்துச் சதுரக் கள்ளி, திருகு கள்ளி எல்லாம் பால் வடிப்பவை. அவை ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் செடிக்கு உறவு என்று சொல்ல வேண்டுமானால் சப்பாத்திக் கள்ளியைத்தான் சொல்லவேண்டும்.

அப்படியானால் அசல் பிரம்ம கமலம் எது? அது இமயமலையில், பன்னிரண்டாயிரம் அடிக்கு மேலே, குளிர்ப் பிரதேசத்தில் பூப்பது. சூரியகாந்திக் குடும்பம். உத்தராகண்ட் மாநிலத்தின் மலரும் அதுதான். சென்னை வெக்கையில் அது ஒரு நாள் தாங்காது. நம் செடியின் பிறந்த வீடு தெற்கு மெக்ஸிகோவும் அதை அடுத்த மத்திய அமெரிக்க நாடுகளும். கேரளத்தில் நிசாகந்தி என்கிறார்கள், இலங்கையில் கடுபுல், ஜப்பானியர் 'நிலவொளி அழகி' என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். போன ஊரில் எல்லாம் புதுப் பெயர் வாங்கிக்கொண்ட புஷ்பம்! பூஜை அறையில் நீங்கள் எந்தப் பெயர் சொல்லி வணங்கினாலும் சரி. தண்ணீர் ஊற்றும்போது மட்டும் பிறந்த ஊரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊரில் இது தரையில் வளர்வதில்லை. மழைக்காட்டு மரங்களின் கிளைக் கவட்டில், உதிர்ந்த இலைகள் மக்கிக் கிடக்கும் இடத்தில் வேர் விட்டுத் தொங்கும். புல்லுருவி மாதிரி மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. இடம் மட்டும்தான் கேட்கும். இந்த ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் பராமரிப்பு முழுவதும் தெரிந்த மாதிரிதான்.

மரத்தடி வெளிச்சம் வேண்டும். காலை வெயில் ஒன்பது மணிவரை படலாம். உச்சி வெயில் பட்டால் தண்டு சிவக்கும், பிறகு மஞ்சளிக்கும். வெந்து வெளுத்த இடம் மறுபடி பச்சையாகாது. அதற்காகக் கவலைப்படாதீர்கள், புதுத் தளிர் நன்றாக வரும். அதற்காக இருட்டு மூலையிலும் வைக்காதீர்கள். செடி நீளுமே தவிர, பூக்காது.

தண்ணீர் வேண்டும், தேங்கக் கூடாது. மேல் மண்ணில் விரலை ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தாழ்வாரத்துக்குள் நகர்த்திவிடுவது நல்லது.

மண் பொலபொலவென்று இருக்கவேண்டும். செம்மண், ஆற்று மணல், மக்கிய இலை உரம் மூன்றும் சம பங்கு. கூடவே ஒரு கை தேங்காய் மட்டைத் துண்டும் அடுப்புக் கரித் துண்டும். பெரிய தொட்டி வேண்டாம். வேர் சற்று நெருக்கமாக இருந்தால்தான் பூக்கும். நன்றாக மக்கிய சாணி எரு மாதம் ஒரு கைப்பிடி போதும். தழைச்சத்து அதிகமானால் செடி செழிக்கும், பூவை மறந்துவிடும். கணுக்களில் பஞ்சு போல மாவுப்பூச்சி தெரிந்தால், சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள்.

இனி அந்தப் பட்டை கட்டிய அடித்தண்டு. நகத்தால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, மரம் மாதிரி இருந்தால் அது வயசு, வியாதி அல்ல. கொழகொழவென்று கறுத்து, நாற்றம் அடித்தால்தான் அழுகல். தண்டின் நடுவில் மீசை மாதிரி வேர் தொங்கினாலும் பயப்படவேண்டாம்; மரத்தில் பற்றிக்கொண்ட பழக்கம். உருட்டையாக, கம்பு போல உயர்ந்து போகும் தண்டையும் வெட்டாதீர்கள். அதிலிருந்துதான் தட்டைத் தண்டுகள் கிளைக்கும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் பூக்கும் என்று சொல்வார்கள். அப்படி இல்லை, சௌக்கியமாக இருக்கும் செடி வருஷா வருஷம் பூக்கும், சில சமயம் ஒரே வருஷத்தில் இரண்டு மூன்று தடவைகூட. மொட்டு விட்ட பிறகு தொட்டியை இடம் மாற்றாதீர்கள், காயவும் விடாதீர்கள், உதிர்ந்துவிடும். தொங்கிக்கொண்டிருக்கும் மொட்டு பருத்து, கழுத்தை வளைத்து நிமிர்ந்தால் நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். இருட்டிய பிறகு மெல்ல விரிய ஆரம்பித்து, நடுநிசியில் முழுப் பூவாகி வீடெல்லாம் மணக்கும். பொழுது விடியும்போது வாடிவிடும். காட்டில் இந்த வெள்ளையும் வாசனையும் இரவில் பறக்கும் அந்துப் பூச்சிகளை அழைப்பதற்காக. நம் வீட்டில் அக்கம்பக்கத்தாரை அழைக்கலாமே! மாமிக்கும் சொல்லி அனுப்புங்கள்.

கடைசியாக முக்கியமான ஒன்று. அடித்தண்டு அழுகியே இருந்தாலும் செடி போய்விட்டதாக நினைக்கவேண்டாம். மேலே பச்சையாக இருக்கும் தட்டைத் தண்டில் ஒரு சாண் நீளத் துண்டு வெட்டுங்கள். ஒரு வாரம் நிழலில் போட்டு வெட்டு வாயைக் காயவிடுங்கள். பிறகு ஈர மணலில், அடிப்பக்கம் கீழே இருக்கும்படி இரண்டு அங்குலம் புதைத்துவிடுங்கள். ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் வேர் பிடிக்கும். பூப்பதற்கு இரண்டு மூன்று வருஷம் பொறுக்கவேண்டும்.

விதை போட்டு முளைத்தால் அது தாயின் பிள்ளை, வேறு செடி. துண்டு வைத்து வளர்ந்தால் அது தாயேதான். உங்கள் மாமியாருடைய அதே செடிதான் புதுத் தொட்டியிலும் இருக்கும். அவர் கையால் எந்தச் சிநேகிதிக்கோ, நாத்தனாருக்கோ துண்டு கொடுத்திருந்தால் அந்த வீட்டிலும் இருப்பது அதுவே. ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். அதனால் மூன்று துண்டாக வையுங்கள். ஒன்று உங்களுக்கு, மற்ற இரண்டையும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஒரு வீட்டில் பட்டுப்போனாலும் மறு வீட்டிலிருந்து கேட்டு வாங்கி வந்துவிடலாம்.