ஆடிக்காற்றின் மேல் மட்டும் பழி வேண்டாம்

காங்கேயம் பக்கத்து மாணவர்களுக்குக் காற்றுக் காலத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, கொப்பரைக் களத்துத் தூசியையும் அரிசி ஆலை உமியையும் வாரி இறைக்கிறது. அப்போது ஒரு பிள்ளைக்கு இளைப்பு வந்தால், பெரியவர்கள் காற்றைத்தான் திட்டுகிறார்கள். தூசி ஆஸ்துமாவைக் கிளப்பும் என்பது உண்மையே. ஆனால் குற்றவாளி அது ஒன்றுதானா?

கனடாவைப் பாருங்கள். அங்கே கோடை விடுமுறைக்குப்பின் பள்ளிகள் செப்டம்பரில் திறக்கின்றன. இரண்டு மூன்று வாரங்களில், ஆஸ்துமாவுக்காக மருத்துவமனைக்கு வரும் சிறுவர் எண்ணிக்கை ஆண்டுதோறும் உச்சத்தைத் தொடுகிறது. ஆய்ந்தவர்கள் கண்ட முக்கியக் காரணம், ஜலதோஷத்தை உண்டாக்கும் ரைனோ வைரஸ். வகுப்பறையில் நெருங்கி அமர்ந்ததும் அது பரவிவிடுகிறது. (பரவுவது ஜலதோஷம்தான். ஆஸ்துமா ஒட்டுவாரொட்டி அல்ல. இளைப்புள்ள தோழன் பக்கத்தில் தாராளமாக உட்காருங்கள்.)

நம் பள்ளிகள் ஜூனில் திறக்கின்றன. காற்றும் அப்போதுதான் எழுகிறது. பழி முழுவதும் கண்ணுக்குத் தெரிகிற தூசிக்கே போய்விடுகிறது!

காற்றை நிறுத்த நம்மால் ஆகாது. ஆனால் மே மாதத்தில், "இப்போது நன்றாகத்தானே இருக்கிறது" என்று தடுப்பு இன்ஹேலரை அலமாரியில் போட்டுவிடுகிறோமே, அதுவே பெரிய தவறு என்பேன். மூச்சுக்குழல்களின் உட்புற வீக்கம் வெளியே தெரியாது. தினமும் உறிஞ்சும் மருந்து அதைச் சில வாரங்களில் மெல்லத்தான் தணிக்கும். மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

இளைப்பு வந்த நாளை நாட்காட்டியில் குறியுங்கள். முந்திய நாள் ஜலதோஷம் இருந்ததா, தூசி பறந்ததா என்றும் எழுதுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாள்களைக் கிழித்து எடுத்துச் செல்லுங்கள்.