சீருடை தந்த மேடை

அமெரிக்க மரைன் படையின் லெப்டினன்ட் கர்னலான ஆலிவர் நார்த், வியட்நாம் போரில் சில்வர் ஸ்டார் பதக்கம் பெற்றவர். ரீகன் ஆட்சியில் வெள்ளை மாளிகையின் தேசியப் பாதுகாப்புக் குழுவில் பணியாற்றினார். ஈரானுக்கு ரகசியமாக ஏவுகணை விற்று, அதில் கிடைத்த பணத்தை நிகராகுவாவின் கான்ட்ரா கிளர்ச்சியாளர்களுக்குத் திருப்பிவிட்ட வேலையில் முக்கியக் கை அவருடையது. கான்ட்ராக்களுக்கு ராணுவ உதவி கூடாது என்று நாடாளுமன்றம் சட்டமே போட்டிருந்தது.

1987 ஜூலையில் நாடாளுமன்ற விசாரணைக்கு அழைக்கப்பட்டார். வெள்ளை மாளிகைக்குப் பெரும்பாலும் கோட்டு, டை அணிந்து போனவர், அன்று சீருடையில் பதக்க வரிசையோடு வந்து அமர்ந்தார். ஆவணங்களை அழித்ததையும் நாடாளுமன்றத்திடம் பொய் சொன்னதையும் அவர் மறுக்கவில்லை. எல்லாம் நாட்டுக்காக என்றார். நேரலையில் பார்த்த பலருக்கு, துருவித் துருவிக் கேட்ட அரசியல்வாதிகளைவிட அவரே பெரியவராகத் தெரிந்தார். உடை செய்த வேலை அது.

1989-இல் மூன்று குற்றச்சாட்டுகளில் தண்டிக்கப்பட்டார். மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தானது. 1994-இல் வர்ஜீனியாவில் செனட் தேர்தலில் நின்றார். அவருடைய குடியரசுக் கட்சி நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் கைப்பற்றிய ஆண்டு அது. அந்த அலையிலும் நார்த் தோற்றார். சொந்தக் கட்சி செனட்டர் ஜான் வார்னரே அவரை ஆதரிக்க மறுத்து, சுயேச்சை ஒருவரை ஆதரித்தார். வாக்காளர்கள் பதக்கத்தோடு பொய்யையும் சேர்த்தே எடைபோட்டார்கள். வானொலியிலும் ஃபாக்ஸ் நியூஸிலும் அந்தக் கணக்கைக் கேட்பார் இல்லை. அங்கே அவர் பல்லாண்டுகள் கோலோச்சினார்.

பீட் ஹெக்செத் போன வழியும் இதுதான். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் ராணுவத்தில் பணியாற்றிய இவர், 2012-இல் மின்னசோட்டாவில் செனட் வேட்பாளராக முயன்றபோது குடியரசுக் கட்சியின் ஆதரவே கிடைக்கவில்லை. பிறகு ஃபாக்ஸ் தொலைக்காட்சியின் வார இறுதி நிகழ்ச்சியில் தொகுப்பாளரானார். அதிபர் டிரம்ப் விரும்பிப் பார்க்கும் அலைவரிசை அது. போர்க்குற்றம் சாட்டப்பட்ட வீரர்களுக்கு மன்னிப்பு வேண்டும் என்று அங்கிருந்தே வாதாடினார். 2019-இல் சிலருக்கு அது கிடைத்தது. லட்சக்கணக்கான நேயர்களைவிட அந்த ஒரு நேயரே அவருக்குப் பயன்பட்டார் என்று சொன்னால் மிகையில்லை.

2025 ஜனவரியில் அவரைப் பாதுகாப்பு அமைச்சராக்கும் வாக்கெடுப்பு செனட்டில் 50-க்கு 50 என நின்றது. முடிவை மாற்றிய ஒற்றை வாக்கு துணை அதிபர் ஜே.டி. வான்ஸுடையது. வான்ஸும் முன்னாள் மரைன் வீரர்தான். ஈராக்கில் அவர் பார்த்தது படையின் செய்தித் தொடர்புப் பணி.