ரியல் டைம்னா வேகமா? இல்லவே இல்லை!

எல்இடி கண் சிமிட்டின உடனே "ஆர்டிஓஎஸ் கத்துக்கிட்டேன்"னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டவன்தான் நானும். எஸ்டிஎம்32 போர்டு, ஃப்ரீஆர்டிஓஎஸ், மூணு டாஸ்க். அவ்ளோதானே மேட்டர்?

சென்சார் டாஸ்க்குக்கும் லாக் டாஸ்க்குக்கும் பொதுவா ஒரு பஃபர், காவலுக்கு பைனரி செமஃபோர். லாக் டாஸ்க் அதை வெச்சிருக்க, அவசரக்கார சென்சார் வாசல்ல நிக்க, நடுவுல புகுந்த டிஸ்ப்ளே டாஸ்க் ப்ராசசரை வளைச்சுப் போட்டுடுச்சு. வாட்ச்டாக் போர்டை ரீசெட் பண்ணிடுச்சு. ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சு.

1997-ல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டருக்கும் இதே வியாதிதான். பூமியிலிருந்தே ப்ரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸை ஆன் பண்ணிச் சரி செஞ்சாங்க. அதாவது, காத்திருக்கிறவனோட முன்னுரிமை பூட்டு வெச்சிருக்கிறவனுக்குத் தற்காலிகமா போகும். ஃப்ரீஆர்டிஓஎஸ்ல மியூடெக்ஸுக்கு இது உண்டு, பைனரி செமஃபோருக்குக் கிடையாது. மாத்தினேன், சரியாச்சு.

என் கட்சி இதுதான்: ரியல் டைம்னா வேகம் இல்லைங்க, சொன்ன நேரத்துக்கு வந்து நிக்கிறது. புதுசா கத்துக்கறவங்க எல்இடியோட நிறுத்தாம, வேணும்னே ஒருதடவை இந்தச் சிக்கலை உண்டாக்கிப் பாருங்க. மேசை மேல இருக்கிற போர்டு ரீசெட் ஆனா பரவாயில்லை. அதுவே ஒருத்தர் உடம்புல மருந்து ஏத்துற பம்ப்பா இருந்தா?