மோப்ப நாயும் அதன் துணைவரும்

கல்லூரிப் படிப்பை முடித்து வெளியேறும் இளைஞரை நோக்கி, ‘இனி என் செய்வீர்?’ என வினவின், கணினித் துறை என்பர், வங்கி என்பர், ஆசிரியத் தொழில் என்பாரும் சிலர் உளர். ‘விமான நிலையத்தில் வெடிமருந்தை மோந்தறியும் நாய்க்குத் துணைவனாவேன்’ என்று ஒருவன் விடை பகர்வானாயின், கேட்டோர் நகைப்பர். கற்றவன் நாயைப் பிடித்துக்கொண்டு திரிவதா என்பதே அந்நகையின் பொருள். அது பொருந்தாது என்பதே எம் கருத்து.

1985ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள், கனடாவிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியா விமானமொன்று, அயர்லாந்துக்கு அணித்தே கடலின்மேற் பறக்கையில், பெட்டியிற் கரந்து வைத்த குண்டு வெடித்தமையால் 329 உயிர்கள் மாண்டன. முதல்நாள் டொராண்டோவிற் பெட்டிகளைச் சோதித்த எக்ஸ்ரே பொறி இடையே பழுதுற்றது. எஞ்சியவற்றைக் கையிற்பிடிக்கும் சிறு கருவியொன்றாற் சோதித்தனர். கூட்டாட்சிப் போலீசின் நாய்களோ அவ்வமயம் வான்கூவரிற் பயிற்சிக்குச் சென்றிருந்தன. மாண்ட்ரியலை அடுத்த மிராபெல் நிலையத்திற்கு மாகாணப் போலீசின் நாய் அழைக்கப்பட்டது. நாயும் துணைவரும் வந்து சேர்ந்தபோது விமானம் சென்றுவிட்டது. ஐயத்தால் நிறுத்தி வைத்த மூன்று பெட்டிகளையே அது மோந்து பார்த்தது, அவற்றில் ஒன்றுமில்லை. இதற்குப் பதின்மூன்றாண்டுகளுக்கு முன்னரே, 1972 மார்ச் 7ஆம் நாள், நியூயார்க்கில் ‘பிராண்டி’ என்னும் நாய், விமானத்தில் வைத்த குண்டை அது வெடிப்பதற்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கக் கண்டுபிடித்துத் தந்ததை உலகம் அறிந்திருந்தது. நாயின் அருமை தெரியாமையன்று, அது வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தில் இல்லாமையே ஈண்டுக் குற்றம்.

நிற்க. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டு முதல் விமான நிலையங்களின் காவல் படிப்படியாக மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. நாய்க்குத் துணைவராக விரும்புவோர் முதலிற் படைவீரராகச் சேர்தல் வேண்டும். பின்னர் நாயும் ஆளும் ஒருங்கே பல மாதம் பயில்வர். வெடிமருந்தின் வாசனையைக் கண்டவுடன் நாய் அசையாது அமர வேண்டும். குரைத்தலும் பறண்டுதலும் கூடா. பறண்டினால் விளைவதைச் சொல்லவும் வேண்டுமோ! அமர்ந்த நாய்க்குக் கிடைப்பது ஒரு பந்து. அப்பந்தின்பொருட்டே அது அத்தனையும் செய்கின்றது. துணைவரோ நாயின் மூச்சு மாறுவதையும், வால் நிமிர்வதையும், தலை சட்டெனத் திரும்புவதையும் கற்க வேண்டும். வெயிலில் இளைக்கும் நாய் செவ்வனே மோவாது. ஆதலின் அடிக்கடி ஓய்வு தருதலும் அவர் கடமை. நாட்கணக்காக ஒன்றும் அகப்படாவிடின் நாய்க்கு ஊக்கம் குன்றும். அதன்பொருட்டு நிலையத்திலேயே வெடிமருந்துத் துணுக்குகளை மறைத்து வைத்துத் தேடச் செய்வர்.

இத்தொழிற்கு வேண்டுவது உடல்வலியே என்பாரை யாம் மறுப்போம். 2011இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று ஈண்டு நினைக்கத்தக்கது. பதினெட்டு நாய்களும் துணைவர்களும் ஒரு தேவாலயத்தின் அறைகளில் தேடுமாறு விடப்பட்டனர். வாசனைப் பொருள் அங்கே இருக்கலாமெனத் துணைவர்க்குச் சொல்லப்பட்டது. சிவப்புத் தாள் ஒட்டிய இடம் அதன் அடையாளம் என்றும் சொல்லினர். உண்மையில் யாதொன்றும் வைக்கப்படவில்லை. 144 தேடல்களில் 21 மட்டுமே பிழையின்றி முடிந்தன. ஏனையவற்றில் நாய் கண்டுவிட்டதாகத் துணைவர் கூறினர், அதுவும் சிவப்புத் தாளருகே மிகுதியாக. ஆளின் எண்ணம் நாயின் செயலிற் கலந்ததோ, நாயைக் கண்ட ஆளின் கண்ணிற் கலந்ததோ, இரண்டும் ஒக்கும். பயணியின் உடையையும் ஊரையும் கண்டு ஐயுறும் மனம் கயிற்றின் வழியே நாய்க்கு இறங்குமாயின், அந்நாய் இருந்தும் இல்லாததே. தான் முன்னரே முடிவு கட்டாதிருக்கும் அடக்கம் எளிதில் வாராது. மூலத்தைப் படிக்குமுன் உரையாசிரியர் கருத்தை ஏற்றுக்கொள்ளும் எம்மனோர்க்கு இது நன்கு தெரியும்.

பழகிய நாயையும் ஆளையும் அலுவற் காரணம் காட்டிப் பிரித்தல் தகாது என்பதும் எம் துணிபு. இனி, மீனம்பாக்கத்தில் அவ்விருவரையும் காணும் நண்பர் நாயைத் தட்டிக்கொடுக்கக் கை நீட்டற்க; அது வேலையில் இருக்கின்றது.