இணையவழிக் கல்விக்குத் தமிழ் வேண்டாவா?

இராயகிரியில் தமிழ்வழியிற் படித்து மேனிலைத் தேர்வில் வென்ற மாணவி ஒருத்தி, தென்காசியிலோ நெல்லையிலோ கல்லூரியிற் சேர்கின்றாள் எனக் கொள்வோம். பாடநூல் ஆங்கிலத்திலிருப்பினும், வகுப்பில் நிற்கும் ஆசிரியர் அவள் முகம் பார்த்துத் தமிழில் விளக்கிவிடுகின்றார். நம் கல்லூரிகளில் அறிவு உள்ளே புகுவது பெரும்பாலும் இந்தப் பின்வாயில் வழியேதான். ஆள்வோர் இதை வெளிப்பட ஒப்புவதில்லை! இனி அவ்வாயிலும் அடைபடுமோ என்பதே நம் கவலை.

நடுவணரசு 2017-இல் 'சுவயம்' என வடமொழிப் பெயர் சூட்டி இணையவழிப் பாடமேடை ஒன்றைத் திறந்தது. ஒரு பருவத்திற்குரிய பாடங்களில் 20 விழுக்காடுவரை அதன்வழிப் பயிலலாம் எனப் பல்கலைக்கழக நல்கைக்குழு 2016-இலேயே வகுத்திருந்தது. 2021-இல் அது 40 விழுக்காடாயிற்று. அப்பாடங்களுள் மிகப்பல ஆங்கிலத்தில் நிகழ்த்தப்பெறுவன. சிலவற்றின் அடியில் தமிழ் எழுத்துரை ஓடுகின்றது. ஓடும் எழுத்தைத் துரத்திப் படிப்பதும் பாடங் கேட்பதும் ஒன்றாகா. திரையிலுள்ள பேராசிரியர் எத்துணைப் பெரியவராயினும், நம் மாணவி விளங்காமல் விழிப்பதை அவர் காணார்.

இணையத்தை நாம் எதிர்க்கின்றோம் அல்லோம். இத்துறையில் முன்னே நடந்தவர் தமிழரே. 1999-இல் சென்னையில் நிகழ்ந்த தமிழ் இணைய மாநாட்டின் விளைவாக, 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் எழுந்தது. 2010-இல் கல்விக்கழகம் எனப் பெயர் மாறியது. அதற்கு வழிகோலியவர் அறிஞர் வா.செ. குழந்தைசாமி. உகர, ஊகார உயிர்மெய்களை மாற்றவேண்டும் என்ற அவர் கருத்தில் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் இப்பணியை மறவோம். அயல்நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது தமிழைக் கற்பித்தது. தமிழால் இயற்பியலையும் பொருளியலையும் சட்டத்தையும் கற்பிக்கும் அடுத்த அடியை நாம் வைக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் உறங்கிவிட்டு, வடவரை மட்டும் பழித்தென்ன?

40 விழுக்காடு என்பது மேல்வரம்பு, கட்டாயமன்று. எப்பாடத்தை ஏற்பது என முடிவு செய்யும் உரிமை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கின்றது. நெல்லைப் பல்கலைக்கழகமோ, தமிழ்த்தாய் வாழ்த்தைத் தந்த மனோன்மணீயம் சுந்தரனாரின் பெயர் தாங்கியது. தமிழில் இல்லாத இணையப் பாடத்தைத் தமிழ்வழி மாணவர்மேற் சுமத்துவதில்லை என அதன் கல்விக்குழு முடிவெடுக்கட்டும். தன் கல்லூரிகளில் நாள்தோறும் தமிழில் விளக்கும் ஆசிரியர்களின் விரிவுரைகளைப் பதிந்து இணையத்தில் ஏற்றட்டும். இவ்விதழைப் படிப்போர் ஒவ்வொருவரும், குறிப்பாகத் தமிழ்வழியிற் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர், இத்திங்களுக்குள் துணைவேந்தருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுக. தமிழிலேயே எழுதுக.