மலை தெரியாத மூலை

கடற்கரை ஊர்களில் கடல் தெரியும் வீட்டுக்குத் தனி விலை. ரமணாசிரமம் பகுதியில் மலை தெரியும் வீட்டுக்கு அந்த விலை. நான் திருவண்ணாமலையில் வீட்டு பிளான் வரைந்து பிழைக்கிறவள். ‘மலை தெரியணும்’ என்று சொல்லாமல் என்னிடம் யாரும் வேலை கொடுத்ததில்லை. யாருக்குத் தெரியணும் என்பதை மட்டும் ஒருவரும் சொன்னதில்லை.

ஆசிரமம் மலையின் தெற்கு அடிவாரத்தில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு மலை வடக்கே. ஆகவே ஹாலும் பால்கனியும் வடக்குப் பக்கம் போய்விடும். அடுத்து வாஸ்து வரும். சமையலறை அக்கினி மூலை, அதாவது தென்கிழக்கு. அடுப்பு கிழக்குப் பார்த்து. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். சமைக்கிறவளின் இடது கைப் பக்கம்தான் மலை, ஆனால் நடுவில் இரண்டு சுவர்கள். கோடிக்கணக்கில் கொட்டி வாங்கிய காட்சி, அந்த வீட்டில் அதிக நேரம் நிற்கிறவளுக்கு இல்லை.

பிளான் முடிந்ததும் அலங்காரம் தொடங்கும். ‘எக்லெக்டிக்’ என்பார்கள். பழசும் புதுசும் பல ஊர்ச் சாமானும் கலந்து வைப்பது. காரைக்குடித் தூண், ஆத்தங்குடித் தளக்கல், ராஜஸ்தான் கண்ணாடித் தலையணை, திபெத்தியக் கொடி, பிரம்பு ஊஞ்சல். நடுக்கூடத்தில் ஓர் ஆட்டுக்கல், அதன் குழியில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்ட பூ. உரலில் மணி பிளான்ட். செட்டிநாட்டு வீட்டில் முகப்பு ஆண்களின் இடம், வருகிறவர்களும் கணக்கு வழக்கும் அங்கே. ஆட்டுக்கல்லும் அம்மியும் பின்கட்டில், பெண்களின் கைக்கடியில். பழம்பொருள் கடை இரண்டையும் ஒன்றாக விற்கிறது. பின்கட்டுக் கல் இன்று ஹாலுக்கு வந்துவிட்டது. அதைச் சுற்றிய கை வரவில்லை.

நான் பிளான் போட்ட ஒரு வீட்டின் கிரகப்பிரவேசத்தில், அங்கே சமைக்கும் அக்கா அந்த ஆட்டுக்கல்லைப் பார்த்து, “இதுலதான் பத்து வருசம் மாவாட்டி என் தோள் போச்சு. இப்ப இதுக்குப் பூ வெக்கிறாங்க பாரு” என்று சிரித்தார். அன்று அவர் சாப்பிட்டது வாஷிங் மெஷின் பக்கத்தில், தரையில். மூன்று கழிப்பறை உள்ள வீடு. அவருக்கு ஒன்றுகூட இல்லை. மூன்றையும் வரைந்தவள் நான். எனக்கும் தோன்றவில்லை.

இந்த ஊரின் கதையும் சமையலறையில் தொடங்கியதுதான். 1916இல் மகனோடு தங்க வந்த அழகம்மாள்தான் ஸ்கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டினார். 1922இல் அவர் இறந்த பிறகு அவருடைய சமாதியைச் சுற்றி எழுந்ததுதான் இன்றைய ரமணாசிரமம். பின்னாளில் அதன் சமையலறையில் சாந்தம்மாள், சம்பூர்ணம்மாள், சுப்பலட்சுமி அம்மாள் முதலியோர் உழைத்தார்கள். ரமணரே விடியற்காலையில் வந்து காய் நறுக்கினார், சட்னி அரைத்தார். ஆனால் இருட்டுவதற்குள் பெண்கள் ஆசிரமத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பது அன்றைய விதி. உழைப்பு உள்ளே, உழைத்தவள் வெளியே. ஒரு துறவி அம்மி முன் உட்கார்ந்ததை வியந்து பேசுகிறோம். அதே அம்மி முன் உட்கார்ந்த பெண்கள் இரவு எங்கே தங்கினார்கள் என்று கேட்பதில்லை.

“வாஸ்துவை மீறச் சொல்கிறீர்களா?” என்பார்கள். மீற வேண்டாம். தென்கிழக்கு அமையாவிட்டால் வடமேற்கு, வாயு மூலை, என்று வாஸ்துக்காரர்களே சொல்கிறார்கள். வடமேற்கில் மலை தெரியும்! கார் நிறுத்தவும் லிஃப்ட் வைக்கவும் வளைந்துகொடுக்கிற சாஸ்திரம், சமைக்கிறவள் தலை நிமிர்ந்து பார்க்க மட்டும் ஏன் வளையாது?

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ தொகுப்பு 1988இல் வந்தது. அந்தக் கதையின் சமையலறை ஜன்னலுக்கு வெளியே மலைகள் உண்டு, மறைப்பது துணிக்கொடிகள். நாம் கொடிகளை அவிழ்க்கவில்லை. ஜன்னலையே வேறு பக்கம் வைத்துவிட்டோம்.

இனி என் மேஜைக்கு வரும் பிளானில் சமையலறை வடமேற்கில் இருக்கும். மேடைக்கு மேல் அகலமான ஜன்னல், கீழே ஒரு முக்காலி. வேலைக்கு வருகிறவருக்கும் கழிப்பறை. வேண்டாம் என்கிறவர்கள் அழித்துக்கொள்ளலாம். ஆனால் அழிக்கும்முன் காரணத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அந்த வீட்டில் சமைக்கப்போகிறவரின் முன்னால்.